பட்டமும் பஞ்சரும்

காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று நம் ஊர்ப் பக்கம் ஒரு பழமொழி வழங்குகிறது. காசிக்கே வந்து தங்கிப் படிக்கும் நமக்கு அதன் உண்மை நாள்தோறும் விளங்குகிறது. சைக்கிள் செயின் இங்கும் கழல்கிறது. டயர் இங்கும் முள் தைத்துப் படுத்துவிடுகிறது. கோடை வந்தால் கூலர் ஓடமாட்டேன் என்கிறது. குளிர் வந்தால் கைகால் விறைக்கிறது. இவை போன பிறவியின் கருமம் அல்ல. பெரும்பாலும் போன வாரம் செய்யாமல் விட்ட சிறு வேலைகளின் பயன்.

இலக்கியமும் அரசியலும் மணக்கும் இம்மலரில் பஞ்சரையும் கூலரையும் பற்றி ஒருவன் எழுத முன்வருவதைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் நகைத்தபின் ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். முதல் வகுப்பில் தேறும் மாணவர் நம்மிடையே பலர் உண்டு. மேடை ஏறினால் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசுவோரும் உண்டு. வால்டியூபை மாற்றத் தெரிந்தவர் எத்தனை பேர்? மூன்று முனை பிளக்கில் மூன்றாவது முனை எதற்கு என்று சொல்லக் கூடியவர் எத்தனை பேர்? கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கினால் என்ன நேரும் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

தன் வண்டியையும் தன் அறையையும் தன் உடலையும் பேணத் தெரியாதவனின் படிப்பு அரைப் படிப்பே என்பது என் கருத்து. இது சிக்கனத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. சில இடங்களில் உயிரைப் பற்றிய பேச்சு.

வீட்டில் இருந்த வரையில் இந்த வேலைகள் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. குழாய் ஒழுகினால் அப்பா பார்த்துக்கொண்டார். அடுப்பைத் துடைத்ததும் தண்ணீர்ப் பானையைக் கழுவியதும் அம்மா. சைக்கிள் நின்றுவிட்டால் தெருமுனைக் கடை இருந்தது. கடைக்கார அண்ணன் கணக்கில் எழுதிக்கொள்வார். வீடு என்பது தானாகவே ஓடும் எந்திரம் போலத் தோன்றியது. ஆயிரம் மைல் தாண்டி வந்த பிறகுதான், எதுவும் தானாக ஓடவில்லை, யாரோ ஒருவர் நாள்தோறும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று புரிகிறது.

முதலில் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். நம் பல்கலைக் கழக வளாகம் ஏறத்தாழ 1,300 ஏக்கர் பரப்புள்ளது. விடுதிக்கும் வகுப்புக்கும் நூலகத்துக்கும் இடையே நம்மைச் சுமப்பது பெரும்பாலும் அந்த இருசக்கரத் தோழன்தான். அவனுக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? விலைக்கு வாங்கிய அன்று துடைத்ததோடு சரி.

டயரில் காற்றுக் குறைந்தபடியே ஓட்டுவதுதான் பாதிப் பஞ்சர்களுக்குக் காரணம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கிறது; படித்தவர் நாம், அதை மட்டும் படிப்பதில்லை. பஞ்சரான டியூபைக் கழற்றிச் சிறிது காற்றடித்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வருமிடம் துளை. அந்தத் துளையின் இடமே காரணத்தையும் சொல்லிவிடும். வெளிப்பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள்ளோ ஆணியோ கண்ணாடித் துண்டோ தைத்திருக்கிறது. பாம்பின் பல் பட்டது போல அருகருகே இரண்டு துளை என்றால் காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதி, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கியிருக்கிறது. உட்பக்கம் துளை என்றால் ஸ்போக்ஸ் கம்பியின் தலை குத்துகிறது. ரிம்மின் மேல் சுற்றிய நாடா விலகியிருக்கும். காரணத்தைப் போக்காமல் துளையை மட்டும் அடைப்பவன் அடுத்த நாளே மீண்டும் வாளியைத் தேட வேண்டியதுதான்.

ஒட்டுவதும் பெரிய வித்தை அன்று. துளையைச் சுற்றி நன்றாக உலரத் துடைக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். அதன்பின் பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் நம்மவர்க்கு வராது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டுத் துண்டை வைத்தால் அது பிடிக்காது. சில நிமிடம் விட்டு, தொட்டால் ஈரமின்றிப் பிசுக்கு மட்டும் தெரியும்போது வைத்து அழுத்த வேண்டும். டியூபை உள்ளே போடுமுன் ஒரு பழந்துணியால் டயரின் உட்புறத்தை ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் துணியில் மாட்டிக்கொள்ளும். வெறும் விரலால் தடவினால் விரலில் தைக்கும்.

துளையே இல்லாமல் இரவோடிரவாகக் காற்று இறங்கிவிடுகிறதா? வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி விட்டால் குற்றம் வால்டியூபுடையது. விரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பர்க் குழாய் நாள்பட்டால் வெடிப்பு விடும். புதியதை மாற்ற இரண்டு நிமிடம் போதும். அது தெரியாமல் டியூபையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செயினைப் பற்றி ஒரு சொல். எண்ணெயை அப்படியே ஊற்றுவது பேணுதல் ஆகாது. பழைய அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, கண்ணிக்கு ஒரு துளியாக விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுழற்றி, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். மிகுந்த எண்ணெய் புழுதியைத் தேடிப் பிடித்து வரும். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் அரம் போல அராவும். தையல் மெஷின் எண்ணெய் போதும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது, செயினுக்கு ஆகாது. காசியின் மார்கழிக் குளிரில் அது குப்பிக்குள்ளேயே உறைந்து கிடப்பதை நாம் அறிவோம்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று அறிய மிஸ்திரியின் கண் வேண்டியதில்லை; பள்ளிக்கூட அளவுகோல் போதும். செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. இரும்பு நீண்டுவிடவில்லை, பின்கள் தேய்ந்து இடைவெளி கண்டிருக்கிறது. அதை மாற்றாமல் ஓட்டினால் ஃப்ரீவீலின் பல்லையும் பெரிய பற்சக்கரத்தின் பல்லையும் அது தின்றுவிடும். சிறிய செலவுக்கு அஞ்சியவன் பெரிய செலவில் விழுவான்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. பிடியை அழுத்தினால் அது ஹாண்டிலைத் தொடும் அளவுக்கு வரக்கூடாது. கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மை உரசும் ஒலி கேட்கக்கூடாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரிவதில்லை. அப்போது பின் மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது, பின்னால் வரும் வண்டிக்காரருக்கு நாம் இருக்கிறோமா இல்லையா என்பதாகும்.

இனி அறைக்கு வருவோம். மே, ஜூன் மாதங்களில் 'லூ' என்னும் அனற்காற்று அடிக்கும்போது வெப்பம் 44, 45 டிகிரி செல்சியஸை எட்டுவதுண்டு. அப்போது நமக்குக் கூலரே குலதெய்வம். அதன் தத்துவம் நம் ஊர் மண்பானையின் தத்துவமே. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஈரமான புல்தட்டி வழியாக வரும் காற்றுக் குளிர்கிறது. இதை உணர்ந்தால் இன்னொன்றும் விளங்கும். ஈரக்காற்று வெளியேற வழி வேண்டும். சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கூலரை ஓட்டுபவன் தன் அறையைத் தானே இட்டிலிப் பானை ஆக்கிக்கொள்கிறான். ஆடி, ஆவணி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது கூலர் பயன் தராததும் இதனால்தான். அது கூலரின் குற்றம் அன்று.

கூலரில் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று மின்சாரம். இரும்புப் பெட்டி, உள்ளே தண்ணீர், தண்ணீரில் மோட்டார், கீழே ஈரத்தரை, அதன்மேல் வெறுங்கால். இதைவிட அபாயமான கூட்டு வேறென்ன வேண்டும்? பிளக்கின் மூன்றாவது முனை மற்ற இரண்டையும்விடத் தடித்தும் நீண்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எர்த் முனை. பிளக்கைச் செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும் அப்படி அமைத்திருக்கிறார்கள். உள்ளே கம்பி உரசிப் பெட்டியில் மின்சாரம் ஏறினால், நம் உடல் வழியாகப் போகாமல் தரைக்குப் போக அமைத்த வழி அது. ப்ளக் பாயிண்டில் சேரவில்லை என்று அந்த முனையை உடைத்துவிட்டுச் செருகுவோரும், பிளக்கே இல்லாமல் இரு கம்பிகளைத் தீக்குச்சியால் இறுக்கிச் சொருகுவோரும் நம் விடுதிகளில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் உடைத்தது பித்தளைத் துண்டை அன்று, உங்கள் காவலை. கூலரில் தண்ணீர் ஊற்றுமுன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீர் காய்ச்சும் இரும்புச் சுருள் கம்பிக்கும் இதுவே விதி. பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீர் சுட்டதா என்று கைவைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது ஆபத்து கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்த நீரை நாடுகிறது. பகலில் கடிக்கிறது. 1996 இல் தலைநகர் தில்லியில் டெங்கு பரவியபோது 10,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 400 பேருக்கு மேல் மாண்டனர். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள் வேண்டும். எனவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதன் குலம் தழைக்காது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பெட்டியின் சுவரில் அது முட்டையை ஒட்டி வைக்கிறது. அம்முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் தண்ணீர் பட்டவுடன் பொரியும். ஆகவே தேய்ப்பானால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பருவம் முடிந்து கூலரை மூலையில் தள்ளும்போதும் தேய்த்துத் துடைத்து உலர்த்தியே வைக்க வேண்டும். ஓர் அறையில் இருப்பவர் கழுவாமல் விட்டால் காய்ச்சல் அடுத்த அறைக்குத்தான் போகும் என்பதில்லை. எந்த அறைக்கும் போகும். இதனால் இது தனி மனிதத் தூய்மை அன்று, ஊர்க் கடமை.

குளிர்காலத்தைப் பற்றித்தான் நான் எல்லாவற்றிலும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நாம் வெயிலுக்குப் பழகிய மக்கள். ஜனவரி மாதக் குளிர் நமக்குப் பிறவிப் பகை. வளாகத்துக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் நண்பர்கள், இவ்வூர் மக்களைப் பார்த்து, அங்கீட்டி, போர்சி என்று சொல்லப்படும் கணப்புச் சட்டியை வாங்குகிறார்கள். இவ்வூர் மக்கள் அதைத் திண்ணையிலும் முற்றத்திலும் வைத்துச் சுற்றி உட்காருகிறார்கள். நம்மவர் அறைக்குள் வைத்து, குளிர் வராமலிருக்கச் சன்னலின் இடுக்கிலும் துணி திணித்து, போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள். புகை வந்தால் விழித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம்.

புகை வராது என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். கனன்று சிவந்த கரி புகைவதில்லை. ஆனால் காற்றுப் போதாத இடத்தில் அது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல் இல்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக அந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். மூச்சு வந்து போய்க்கொண்டே இருக்கும்; உடலுக்கோ உயிர்க்காற்று போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கைகால் சோர்வு இவை அறிகுறிகள். விழித்திருப்பவன் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பான். உறங்குகிறவன் நினைக்கவும் மாட்டான், விழிக்கவும் மாட்டான். வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் மூடிய அறையில் கணப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நாளிதழில் வருகிறது. நாமும் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம்.

எனக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள் அந்தச் செய்தியாகாமல் தப்பினார்கள். நள்ளிரவில் ஒருவனுக்குத் தாகம் எடுத்தது. எழுந்தவன் கால் மடங்கி விழுந்தான், விழுந்த வேகத்தில் தாழ்ப்பாள் கைக்கு எட்டியது, கதவு திறந்தது. மற்றவனைச் சாக்கில் பிடித்து இழுப்பது போல வாசலுக்கு இழுத்துப் போட்டான். மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களைக் காத்தது ஒரு செம்புத் தண்ணீருக்கான தாகம். தாகத்தை நம்பி உயிர் வாழ முடியுமா? கணப்பை வெளியில் மூட்டுங்கள். குளிர் காய்ந்தபின் வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். குளியலறையில் எரிவாயுக் கெய்சர் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் அதை எரியவிட்டுக் குளிப்பது மூடிய அறையில் கணப்பு வைப்பதற்குச் சமம். யாரேனும் மயங்கிக் கிடந்தால் முதல் வேலை கதவைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வருவது; அடுத்த வேலை மருத்துவமனை.

தாமே சமைத்துச் சாப்பிடும் நண்பர்களுக்கும் ஒரு சொல். எரிவாயு நாற்றம் வந்தால் விளக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். எரியும் விளக்கை அணைக்கவும் செய்யாதீர்கள். சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். ரப்பர்க் குழாயில் கசிவு உண்டா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் வீரர்களும் இருக்கிறார்கள். அதற்குச் சோப்பு நுரை போதும். கசிந்தால் குமிழி விடும். டியூபில் கற்ற பாடமே இங்கும்.

உடலைப் பேணுவது பற்றி மருத்துவர்கள் எழுதுவார்கள். நான் ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். வயிற்றுப்போக்கில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் நீரிழப்பு. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, இவ்வளவுதான் மருந்து. 1971 இல் வங்கதேச அகதிகள் காலராவால் மடிந்தபோது, பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரையே வாய் வழியாகக் கொடுக்கச் செய்து, 100 க்கு 30 போல இருந்த சாவை 4 க்கும் கீழே கொண்டுவந்தார். ஊசியும் குழாயும் தீர்ந்துபோன இடத்தில் தேக்கரண்டி வென்றது. அந்தத் தேக்கரண்டிக் கணக்கு நம் ஒவ்வொருவர் அறைச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

இவ்வளவும் எளியவை. பின் ஏன் நாம் கற்றுக்கொள்வதில்லை? நேரமில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி ஒதுக்கினால் வண்டி, கூலர், அறை மூன்றையும் பார்த்துவிடலாம். நேரமில்லை என்பது காரணம் அன்று, சாக்கு. உண்மைக் காரணம் வேறு. கையில் எண்ணெய்க் கறை படுவது படித்தவனுக்கு இழிவு என்ற எண்ணம் நம் எலும்பில் ஊறிக் கிடக்கிறது. எழுதுகிற கை உயர்ந்தது, பிடுங்கிப் பூட்டுகிற கை தாழ்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாதி ஒழிக என்று மேடையில் முழங்கிவிட்டு, கீழே இறங்கியதும் நம்மைவிட இருமடங்கு வயதுள்ள மிஸ்திரியை "ஏய், இங்கே வா" என்று அழைக்கிறோமே, அது எந்தச் சமத்துவம்?

இந்தப் பல்கலைக் கழகத்தின் மண்ணுக்கே அந்த எண்ணம் ஒவ்வாதது. 1916 இல் இது நிறுவப்பட்டபோது மதன் மோகன் மாளவியா முதலியோர் வகுத்த குறிக்கோள்களுள் ஒன்று, அறிவியல் தொழில்நுட்ப அறிவை உரிய செய்முறைப் பயிற்சியோடு சேர்த்து வளர்த்து நாட்டுத் தொழில்களை முன்னேற்றுவது. மூன்றே ஆண்டில், 1919 இல், இங்கே பொறியியற் கல்லூரி எழுந்தது. 1937 இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகவே அறிவு வளர வேண்டும் என்றது. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக்குழு 'வேலை அனுபவம்' பள்ளிக் கல்வியின் பகுதியாக வேண்டும் என்றது. குழுக்கள் சொல்லிவிட்டன, நாம் அதையும் தேர்வுக்கு ஒரு வினாவாகப் படித்து எழுதிவிட்டோம்.

நம் தமிழகத்திலேயே கோவையில் ஜி. டி. நாயுடு வாழ்ந்தார். 1893 இல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துப் பொருள் சேர்த்து அதையே வாங்கி, ஏறிச் சுற்றுவதற்கு முன் பிரித்துப் பிரித்துப் பூட்டி அதன் நுட்பத்தைக் கற்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பிறகு பேருந்துகள் ஓட்டினார், எந்திரங்கள் படைத்தார். நம்மிடமும் வண்டி இருக்கிறது. நாம் ஏறிச் சுற்றுகிறோம், பிரிப்பதுதான் இல்லை.

நாமே எல்லாம் செய்துகொண்டால் மிஸ்திரியின் பிழைப்பு என்னாவது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கோணிய சக்கரத்தை நிமிர்த்துவதும், அச்சின் கோனும் குண்டும் மாற்றுவதும், ஒடிந்த ஃபோர்க்கை மாற்றுவதும் என்றும் அவர் வேலையே. நாம் செய்ய வேண்டியது பேணுதல். அவர் செய்வது பழுது நீக்கல். ஒரு சக்கரத்தை நிமிர்த்த நாமே ஒருமுறை முயன்று பார்த்தால், அவர் கேட்கும் கூலியில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாட நமக்கு வாய் வராது. வேலை தெரிந்தவனுக்குத்தான் வேலைக்காரனின் அருமை தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பேனர் ஆண் கைக்கு உரியது, துடைப்பம் பெண் கைக்கு உரியது என்ற பிரிவு நம் சங்கத்திலும் இருக்கிறது. விழா நாளில் கோலமும் சமையலும் தோழியர் பங்கு. மின்விளக்குக் கட்டுவது தோழர் பங்கு. மகளிர் விடுதித் தோழியர் செயின் கழன்றால் எவரேனும் வருவாரா என்று வழியில் நிற்க வேண்டியதில்லை. ஆடவர் விடுதித் தோழர்கள் கூலரைத் தேய்க்கவும் அறையைக் கூட்டவும் அம்மா வருவாள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பஞ்சருக்கு ஆண் பெண் தெரியாது, கொசுவுக்கும் தெரியாது.

ஆகவே நம் தமிழ் மாணவர் சங்கத்துக்கு நான் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு ஒரு கருவிப் பெட்டி வாங்குவோம். ஸ்பேனர் இரண்டு, திருப்புளி இரண்டு, குறடு ஒன்று, டயர் நெம்பி ஒரு சோடி, காற்றுப் பம்பு, சொல்யூஷனும் ஒட்டுத் துண்டும் உப்புத்தாளும், எண்ணெய்க் குப்பி, மின்சாரம் பார்க்கும் டெஸ்டர். இவ்வளவே போதும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மரத்தடியில் கூடுவோம். கோடை தொடங்குமுன் கூலர், மழைக்குமுன் பிரேக், குளிருக்குமுன் கணப்பும் கெய்சரும் எனப் பருவத்துக்கு ஏற்பப் பாடம் வைத்துக்கொள்வோம். புதிதாக வரும் முதலாண்டு மாணவர்க்கு வரவேற்புரையோடு இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கொடுப்போம்.

முதற் கூட்டத்துக்கு ஆசிரியராக லங்கா வாயிலருகே மரத்தடியில் கடை வைத்திருக்கும் மிஸ்திரிகளுள் ஒருவரை அழைப்போம். சொற்பொழிவாளர்க்கு நாற்காலி போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம் அல்லவா? அவருக்கும் நாற்காலி போடுவோம், பொன்னாடை போர்த்துவோம், அரை நாள் கூலியைக் குறைவின்றிக் கொடுப்போம். அவருடைய போஜ்பூரியும் நம்முடைய அரைகுறை இந்தியும் சந்திக்கும் இடத்தில் மொழிச் சிக்கல் வரும் என்று அஞ்ச வேண்டாம். கழன்ற செயினைச் சுட்டிக் காட்ட எந்த மொழி வேண்டும்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள் நம் பெரியோர். அச்சுவர் வெடிக்கும்போது பூசத் தெரிய வேண்டும் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்வோம். பட்டமளிப்பு நாளில் பட்டம் வாங்க நீளும் கைகளின் நகக்கண்ணில் சிறிது எண்ணெய்க் கறை இருந்தால் அது குறை ஆகாது. அடுத்த குளிர்காலத்துக்குள் நம்மில் ஒவ்வொருவரும் அவரவர் அறைக் கணப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.